‘நேற்று யார் குளிப்பாட்டியது?’: பக்கவாதத்துக்குப் பின் தொலைபேசி கேட்க வேண்டிய கேள்வி

வீடு திரும்பிய பிறகு

பக்கவாதம் வந்தவர் உயிர் பிழைத்து வீடு திரும்பிவிட்டால் சிகிச்சை முடிந்தது என்றே பல குடும்பங்கள் நினைக்கின்றன. கை கால் விழுந்தவர் தன் வேலையை எந்த அளவுக்குத் தானே பார்த்துக்கொள்கிறார் என்பதோ வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். இழந்த இயக்கம் வேகமாக மீள்வது முதல் மூன்று மாதங்களில். அந்த மாதங்களில்தான் பலர் மருத்துவர் கண்ணில் படாமல் போகிறார்கள். வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தின் உள்ளடங்கிய ஊர் ஒன்றில் இருப்பவரை மறுபரிசோதனைக்கு அழைத்துவர, ஒருவர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டும். பிடிப்பவரின் அன்றைய கூலி போகும். பஸ் படியேறுவதே பெரும்பாடு. இந்த இடைவெளியைத் தொலைபேசியால் குறைக்க முடியும். ஆனால், கேட்கும் கேள்வி அந்த வீட்டின் வாழ்க்கையிலிருந்து பிறந்ததாக இருந்தால்தான் அது பலன் தரும்.

அளவுகோல்கள் சொல்வது

பக்கவாத நோயாளியின் செயல்திறனை அளக்க மருத்துவ உலகம் அதிகம் நம்பும் கோல்கள் இரண்டு. 1965-இல் அமெரிக்காவில் மஹோனி, பார்தெல் என்ற இருவர் வெளியிட்ட பார்தெல் அட்டவணை, சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, மலசலத்தை அடக்குவது, நடப்பது, படியேறுவது உள்ளிட்ட பத்துச் செயல்களுக்கு 100 வரை மதிப்பெண் தருகிறது. 1957-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ராங்கின் வகுத்து, பின்னர் திருத்தப்பட்ட அளவுகோல், எந்தக் குறையும் இல்லாத 0-இல் தொடங்கி, படுத்த படுக்கையான 5-ஐக் கடந்து, இறப்பைக் குறிக்கும் 6-இல் முடிகிறது. இவை இரண்டும் பெரும்பாலும் பதில்களைக் கொண்டே கணிக்கப்படுபவை; நரம்பைத் தட்டிப் பார்ப்பதோ ஸ்கேன் எடுப்பதோ இவற்றில் இல்லை. அதனால்தான் தொலைபேசிக்கு இவை ஒத்துவருகின்றன. அன்றாடச் செயல்களைத் தொலைபேசியில் கேட்டுப் பெற்ற மதிப்பெண்கள் நேரில் பெற்றவற்றோடு நெருங்கி ஒத்துப்போனதை 1987-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

கேள்வி எங்கே பிசகுகிறது?

ராங்கின் அளவுகோலை எளிதாக்க 2010-இல் வந்த கேள்வித்தாளின் முதல் கேள்வி, பிறர் உதவியின்றித் தனியாக வாழ முடியுமா என்பது. கூட்டுக் குடும்பத்தில் வாழும் ஒரு பெரியவரிடம் இதை அப்படியே கேட்டால், பிள்ளைகள் கைவிடப் போகிறார்களோ என்று மனம் பதறும். சமைக்க முடியுமா என்பதும் இக்கேள்வியில் அடங்கும். வாழ்நாளில் அடுப்பே பற்றவைக்காத ஆண் முடியாது என்று சொன்னால், அது பக்கவாதம் தந்த குறையல்ல. ஆகவே ஊர்ப்பேச்சில், நேற்று நடந்ததைக் கேட்க வேண்டும்: சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டாரா, யாராவது ஊட்டினார்களா? பாயிலிருந்து எழ எதைப் பிடித்தார்? வாசற்படி தாண்டினாரா? வெளிக்குப் போக யார் கூடப் போனார்கள்? தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டது யார் கை? பார்தெல் முறையின் அடிப்படை விதியும் இதுவே. நோயாளியால் என்ன முடியும் என்பதைவிட அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதையே பதிய வேண்டும்.

மறுப்புகளும் பதில்களும்

பேச்சே போனவரிடம் எப்படிக் கேட்பது என்பது நியாயமான மறுப்பு. அங்கே கவனித்துக்கொள்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் நோயாளியின் இயலாமையைச் சற்றுக் கூட்டிச் சொல்வதுண்டு. நோயாளியோ மானத்துக்கு அஞ்சிக் குறைத்துச் சொல்வார். எனவே பதில் யாருடையது என்று குறித்துவைத்து, அடுத்த முறையும் அவரிடமே கேட்பது நல்லது. பார்க்காமல் கணித்தால் எண் தவறாதா என்றும் கேட்கலாம். நேரில் பார்க்கும் இரு மருத்துவர்களே ராங்கின் எண்ணில் மாறுபடுவது பலமுறை பதிவாகியிருக்கிறது. கேள்விகளை ஒரே வரிசையில், ஒரே சொற்களில் கேட்பது அந்த மாறுபாட்டைக் குறைக்கும். கையில் போன் இல்லாதவர்களும், மலையோரத்தில் சிக்னல் கிடைக்காதவர்களும் விடுபடுவார்கள் என்ற கவலைதான் மிகக் கனமானது. அழைப்புக்கு எட்டாதவர் பெயரை விட்டுவிடக் கூடாது. முதலில் நேரில் பார்க்க வேண்டியவர் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டும்.

அழைப்புக்குப் பிறகு நேரில்

மதிப்பெண்ணைப் பதிந்ததோடு நின்றால் அழைப்பு வீண். கணியம்பாடியில் அதைத் தாண்டிச் செல்ல வழி இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாக இவ்வூர்களில் கிராம சுகாதாரப் பணியாளர்களோடு இயங்கிவருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. போன மாதம் வாசற்படி தாண்டியவர் இந்த மாதம் தாண்டவில்லை என்று அழைப்பு சொன்னால், இயன்முறை சிகிச்சையாளர் முதலில் போக வேண்டிய வீடு அதுவே. பேசும்போதே புதிதாக நாக்கு குழறுவதோ வாய் கோணுவதோ தெரிந்தால், கேள்விகளை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். வீட்டாரும் தினமும் ஒன்றைக் கவனித்து வைக்கலாம்: நேற்று நாம் செய்துகொடுத்த எந்த வேலையை இன்று அவரே செய்தார்? அடுத்த அழைப்பில் சொல்ல வேண்டிய முதல் செய்தி அதுதான்.