உதவாக்கரை உளவாளிகள்!

உளவாளி என்றதும் நம் கண் முன் யார் வந்து நிற்கிறார்? மடிப்புக் கலையாத கோட்டு. கையில் துப்பாக்கி. வாசலில் பளபளக்கும் கார்.

இதையே எத்தனை தடவை பார்ப்பது? ‘ஸ்லோ ஹார்சஸ்’ என்ற லண்டன் உளவு நாடகம் 2022 ஏப்ரலில் ஆப்பிள் டி.வி.யில் தொடங்கியது. பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல்தான் பார்க்க உட்கார்ந்தேன்.

தொடக்கமும் பழைய பாணிதான். விமான நிலையம். ஓட்டம். துரத்தல். ஆனால் துரத்துகிற இளைஞன் ரிவர் கோட்டை விட்டுவிடுகிறான்! அது வெறும் பயிற்சிதான். இருந்தாலும் அவனுக்குத் தண்டனை உண்டு. அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

தண்டனை வீடு

லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு பாழடைந்த கட்டடம். பெயர் ‘ஸ்லவ் ஹவுஸ்’. எம்.ஐ.5 என்ற உளவு இலாகா, தவறு செய்தவர்களை இங்கே தள்ளிவிடுகிறது. ரகசியத் தகட்டை ரெயிலில் மறந்தவர் ஒருவர். குடியிலிருந்து மீண்ட பெண்மணி ஒருவர். அவர்களோடு ரிவரும் சேருகிறான்.

அவனுக்கு என்ன வேலை? ஒரு பத்திரிகையாளர் வீட்டுக் குப்பையைக் கிளறுவது! சலித்துப்போய், தாங்களே ராஜினாமா செய்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் மேலிடத்தின் எண்ணம்.

ஓட்டைக் காலுறை

இவர்களுக்குத் தலைவர் ஜாக்சன் லாம்ப். எண்ணெய் வடியும் தலை. ஓட்டைக் காலுறை. வாயில் சிகரெட். எல்லோரையும் கண்டபடி ஏசுகிறார். ஆனால் ஆபத்து வந்தால், அவர் மூளைக்கு ஈடு கிடையாது. நடித்திருப்பவர் கேரி ஓல்ட்மேன். 2011-ல் வெளிவந்த ஒரு படத்தில், அமைதியும் கண்ணியமும் கொண்ட உளவுத்துறை அதிகாரியாக நடித்தவர் இவரேதான்!

உயிர் ஊசலாடுகிறது

ஹசன் என்ற பாகிஸ்தானிய வம்சாவளி மாணவன் கடத்தப்படுகிறான். பிறரைச் சிரிக்க வைத்துப் பிழைக்க ஆசைப்பட்டவன் அவன். காமிராவின் முன் அவன் தலையை வெட்டப்போவதாக வெறியர்கள் மிரட்டுகிறார்கள். தலைமை அலுவலகமோ தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. பையனைத் தேடி ஓடுகிறவர்கள் யார்? அந்த உதவாக்கரைகள்தான்!

ஒதுக்கப்பட்ட புத்தகம்

மிக் ஹெரான் எழுதிய மூல நாவல் 2010-ல் வந்தது. அதிகம் விற்கவில்லை. அடுத்த நாவலை இங்கிலாந்துப் பதிப்பாளர் வேண்டாம் என்றார். அது அமெரிக்காவில் வெளியாயிற்று. 2013-ல் இங்கிலாந்தின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் அதே நாவலுக்குத் தங்கக் கத்தி விருது கொடுத்தது! நாடகத்துக்கு வசனம் எழுதிய வில் ஸ்மித்துக்கு 2024-ல் எம்மி விருது கிடைத்தது. (இவர் அந்த ஹாலிவுட் நடிகர் அல்லர்.)

ஓர் எச்சரிக்கை: இதில் கொச்சைப் பேச்சு அதிகம். ரத்தமும் உண்டு. சிறுவர்களுக்கு ஏற்றதல்ல. பெரியவர்கள் பார்க்கலாம்.

ஒருமுறை தவறியவனிடம் மறுபடி ஒரு வேலையைக் கொடுத்தால் எப்படிச் செய்வான்? முதல் கதை ஆறே பகுதிகள்தான். அதற்குள் விடை கிடைத்துவிடுகிறது.