பத்து விரலில் ஓர் ஆர்கெஸ்ட்ரா

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இசைத்துறையில் முதுகலை மாணவர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஒருவர்கூடப் பியானோக் கலைஞர் ஆகப்போவதில்லை. டிராம்போன், செல்லோ, புல்லாங்குழல் வாசிப்பவர்கள். இசைக்குழுவை நடத்தப்போகும் கண்டக்டர்கள். தங்கள் வாத்தியத்தில் கில்லாடிகள்தான். ஆனாலும் இங்கே பல இசைப்பள்ளிகளில் பியானோத் தேர்வு தேறாமல் பட்டம் கைக்கு வராது. அதனால் முதல் வகுப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள்.

வாத்தியக்காரர்களிடம் அதிகம் கேட்பதில்லை. ஸ்கேல்கள், கொடுத்த மெட்டுக்குப் பொருத்தமான கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) போடுவது, எளிய பாட்டைச் சுருதி மாற்றி வாசிப்பது, இதுவரை பார்க்காத பக்கத்தைப் பார்த்ததும் வாசிப்பது. நாளைக்கு வாத்தியார் ஆனால் தன் மாணவனுக்குப் பக்கவாத்தியமாக நாலு கார்டாவது பிடிக்கவேண்டாமா?

கண்டக்டர்கள் பாடுதான் திண்டாட்டம். எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சான ஸ்கோரை அவர்கள் முன் விரித்துவைத்து, இதைப் பியானோவில் கேட்கவை என்போம். பீத்தோவனின் 5-ஆம் சிம்பொனியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடக்கம் கேட்காத காது குறைவு: மூன்று ஜி, ஒரு ஈ ஃபிளாட். தந்தி வாத்தியங்களோடு கிளாரினெட்டும் அதையே வாசிக்கிறது. ஆனால் கிளாரினெட்டின் வரியில் அச்சாகியிருப்பது மூன்று ஏ, ஒரு எஃப்! பி ஃபிளாட் கிளாரினெட், எழுதியதைவிட ஒரு முழுப் படி இறங்கி ஒலிக்கும். டபுள் பேஸ் ஒரு ஸ்தாயியே இறங்கிவிடும். வயோலாவின் வரிக்கோ ஆல்டோ கிளெஃப் என்ற குறி. அதில் நடுக்கோடுதான் சி. கண் ஏ என்று படிக்க, விரல் ஜி-யில் விழவேண்டும். தாளமும் தப்பக்கூடாது.

அத்தனையையும் பத்து விரலில் பிடிக்க முடியாது. பேஸை விடாதே, மெட்டை விடாதே. நடுவில் ஹார்ன் இழுத்துப் பிடித்திருக்கும் சுரம் போனால் போகட்டும் என்பேன். வேடிக்கை என்னவென்றால், நன்றாகப் பியானோ வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் திணறுவார்கள். ஒரு சுரத்தையும் விட மனசு வராது. என்னைக் கேட்டால், தேர்வே அந்த விடுதலில்தான் இருக்கிறது. ஒத்திகையில் யாரை அடக்கி யாரைக் கேட்கவைப்பது என்று முடிவுசெய்யப்போகிற ஆள் அல்லவா?

இசையமைப்பாளரும் கண்டக்டருமான பெர்லியோஸுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாதே என்று யாராவது மடக்குவார்கள். உண்மைதான், கிட்டாரும் புல்லாங்குழலும்தான் அவருக்குக் கைவந்தவை. ஒரு பெர்லியோஸுக்கு விதிவிலக்கு கொடுக்கலாம்.

மற்றவர்களுக்குப் பியானோதான் வாசற்படி. பின்னாளில் பெரிய கண்டக்டரான ஜார்ஜ் ஷோல்ட்டி புடாபெஸ்ட் ஓபராவில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பயிற்சி கொடுத்தே காலம் தள்ளினார். மொசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமண’த்தை நடத்தும் வாய்ப்பு 1938-இல்தான் வந்தது. ஜெர்மன் ஓபரா அரங்குகளில் இன்றும் பல இளம் கண்டக்டர்கள் அந்த வழியாகத்தான் நுழைகிறார்கள். ஆள்தேர்வில் முழு ஆர்கெஸ்ட்ராவையும் பியானோவில் வாசித்தபடி, பாடகர்களின் வரியையும் தாங்களே பாடிக்காட்டவேண்டும். குரல் கரகரத்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.