சூரிய மின்சாரம்: காத்திருப்பது லாபமா, நஷ்டமா?

புது தில்லி: கூரையில் சூரிய மின்தகடுகளை இப்போதே பொருத்துவதா, விலை மேலும் குறையும்வரை பொறுத்திருப்பதா? நடுத்தரக் குடும்பங்களின் இக்கேள்வி மாநில மின் பகிர்மான நிறுவனங்களையும் விட்டுவைக்கவில்லை.

கடந்த கால அனுபவம் காத்திருந்தவர்களுக்கே சாதகம். தேசிய சூரிய மின்சக்தி இயக்கத்தின் 2010-ம் ஆண்டு ஏலத்தில் மிகக் குறைந்த விலை யூனிட்டுக்கு ரூ.10.95. ராஜஸ்தானின் பத்லாவில் 2017-ல் அது ரூ.2.44 ஆனது, குஜராத்தில் 2020 டிசம்பரில் ரூ.1.99-ஐத் தொட்டது. முந்திக்கொண்ட குஜராத், தொடக்கத்தில் 12 ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு ரூ.15 தர ஒப்புக்கொண்டிருந்தது. விலையைக் குறைக்குமாறு ஒழுங்குமுறை ஆணையத்தை அணுகியும் 2013-ல் பலன் கிட்டவில்லை. பழைய ஒப்பந்தங்களைத் திருத்த 2019-ல் முற்பட்ட ஆந்திர அரசுக்கும் 2022-ல் உயர் நீதிமன்றத்தில் தோல்வியே கிட்டியது.

எனினும், சரிவு என்றும் தொடரும் எனக் கருதுவதற்கில்லை. இறக்குமதித் தகடுகளுக்கு 2022 ஏப்ரலில் 40 சதவீத சுங்கவரி விதிக்கப்பட்டது. விலையைத் தொழில்நுட்பம் மட்டுமன்றி, அரசின் கொள்கையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

வீடுகளின் கணக்கு வேறு. பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டபோது, 3 கிலோவாட் அமைப்புக்கு அரசு மதிப்பிட்ட செலவு ரூ.1.45 லட்சம், மானியம் ரூ.78,000. குடும்பத்தின் பங்கு ரூ.67,000. திட்டக் காலம் 2026-27 நிதியாண்டு வரை மட்டுமே. நாளொன்றுக்கு 12 யூனிட் கிடைத்து, கட்டணம் யூனிட்டுக்கு ரூ.6 எனில், மூன்றாண்டுத் தாமதத்தின் விலை ரூ.75,000-க்கு மேல். செலவு பாதியாகக் குறைந்தாலும், மானியம் நின்றுவிட்டால், குடும்பம் ரூ.72,500 தந்தாக வேண்டும்.

புதிய தொழில்நுட்பம் வராமலில்லை. சந்தைத் தகடுகளின் திறன் 22 சதவீத அளவில் இருக்க, பெரோவ்ஸ்கைட்-சிலிக்கான் அடுக்குத் தகடுகள் ஆய்வகத்தில் 34 சதவீதத்தைக் கடந்துள்ளன. ஆனால், வெயிலிலும் மழையிலும் 25 ஆண்டுகள் தாங்குமா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் தேவை என்பதால், கூரைப்பரப்பு குறைந்தவர்கள் காத்திருப்பதில் நியாயமுண்டு. மாநில அரசின் இலவச மின்சார வரம்புக்குள் அடங்குவோருக்கும் அவசரமில்லை. மாதந்தோறும் கணிசமான கட்டணம் செலுத்தும், சொந்தக் கூரையுள்ள குடும்பத்துக்கு அந்நியாயம் பொருந்தாது.

அரசுகளுக்கும் அது பொருந்தாது. ஏலம் முடிந்தும், மின்சாரத்தை வாங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் 2025-ல் தேங்கிக் கிடந்த திட்டங்கள் சுமார் 40,000 மெகாவாட். மலிவு விலைக்கான எதிர்பார்ப்பும், மின்தடப் பற்றாக்குறையும் இதற்குக் காரணங்கள். குடும்பம் காத்திருந்தால் இழப்பு அந்த வீட்டோடு முடிந்துவிடும். அரசு காத்திருந்தால், இடைவெளியை நிரப்பும் நிலக்கரியின் புகையையும் செலவையும் சுமப்பவர்கள் மக்கள்தான்.