பெருக்கி அறிந்து பெடல் தேர்க!
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இசையும் இயற்பியலும் உடன்பிறந்தவை எனலாம். வீணையின் தந்தியும் கிடாரின் கம்பியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டே அதிர்கின்றன. ஆனால் மின்சாரக் கிடாரின் குரல் கம்பியோடு முடிவதில்லை. இடையில் நிற்கும் பெடலும் இறுதியில் நிற்கும் பெருக்கியும் சேர்ந்தே அக்குரலை உருவாக்குகின்றன. இவ்விரண்டையும் பொருத்துவது எவ்வாறு?

முதலில், 'ஓவர்டிரைவ்' என்பது யாது? ஒரு பெருக்கி தன் ஆற்றலுக்கு மேல் ஓர் அலையைப் பெரிதாக்க முயலும்போது, அலையின் முகடுகள் தட்டையாகின்றன. அப்போது மூல அதிர்வெண்ணுடன் புதிய மேற்சுரங்களும் பிறக்கின்றன. காதுக்கு இனிய அந்தக் கரகரப்புக்கு இவையே காரணம். வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகளில் ஒலியை மிக உயர்த்தினால்தான் இது நிகழும். காலால் மிதிக்கும் ஒரு சிறு பெட்டியில், டையோடுகளின் துணையால், குறைந்த ஒலியிலேயே இதை நிகழ்த்துவதே ஓவர்டிரைவ் பெடல்.

1970களின் இறுதியில் ஜப்பானில் தோன்றிய ஐபனீஸ் 'டியூப் ஸ்கிரீமர்' பெடலைச் சான்றாகக் கொள்வோம். அதன் பெருக்கச் சுற்றில் 4,700 ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக உள்ளன. இரண்டையும் பெருக்கி, மீண்டும் 6.28 ஆல் பெருக்கி, வரும் எண்ணால் 1-ஐ வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸ் கிடைக்கும். நாம் ஆய்வகத்தில் போடும் அதே கணக்குத்தான்! இதற்குக் கீழே செல்லச் செல்லப் பெருக்கம் குறைகிறது. கிடாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்வதால், அதன் அடியொலி குழம்பாமல் நிற்கிறது. அடுத்து வரும் வடிகட்டி உச்ச ஒலிகளைத் தணிக்கிறது. ஆகவே நடு ஒலி மட்டும் மேடாக எழுகிறது.

இனிப் பெருக்கியைப் பார்ப்போம். 1963-இல் வெளிவந்த அமெரிக்காவின் ஃபெண்டர் 'டீலக்ஸ் ரிவெர்ப்' போன்றவற்றில் நடு ஒலியில் ஒரு பள்ளம் உண்டு. மேடு பள்ளத்தை நிரப்பும் அல்லவா? டெக்சாஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் ஃபெண்டர் பெருக்கிகளோடு டியூப் ஸ்கிரீமரை இணைத்துப் புகழ்பெற்றார். லண்டனில் 1962-இல் பிறந்த மார்ஷல் பெருக்கிகளிலோ நடு ஒலி இயல்பாகவே மிகுதி. அங்கே அதே பெடலின் 'டிரைவ்' திருகைக் குறைத்து, 'லெவல்' திருகை உயர்த்தினால், பெடல் வெறும் உந்துவிசையாகிக் குழாய்களையே பாட வைக்கும். பெருக்கியின் தொனி மாறாமலிருக்க வேண்டுமெனில், மார்ஷல் நிறுவனமே 1991-இல் வெளியிட்ட 'புளூஸ்பிரேக்கர்' போன்ற, மேடு குறைந்த பெடல் ஏற்றது.

இந்த ஆராய்ச்சி எனக்கெதற்கு என்று கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அண்ணன் பகலில் வெல்டிங் பட்டறையிலும், இரவில் மெல்லிசைக் குழுவில் கிடாருடனும் உழைக்கிறார். அவர் சேமிப்பு ஒரே ஒரு பெடலுக்குத்தான் போதும். "இயற்பியல் படிக்கிறாயே தம்பி, எதை வாங்கலாம், சொல்" என்றார். "முதலில் உங்கள் பெருக்கியைச் சொல்லுங்கள் அண்ணா" என்றேன். அவருடையது டிரான்சிஸ்டர் பெருக்கி. அதைத் திணறவிட்டால் அலை திடீரென வெட்டுப்பட்டு ஒலி கடுமையாகும். எனவே பெருக்கியைத் தெளிவான நிலையில் வைத்து, கரகரப்பு முழுவதையும் பெடலிலேயே உண்டாக்க வேண்டும். 'லெவல்' அளவோடு இருக்க வேண்டும். பெருக்கியின் நடு ஒலி மெலிந்திருந்தால் மேடுள்ள பெடல். நிறைந்திருந்தால் மேடற்ற பெடல். இதுவே நான் அவருக்குச் சொன்ன விடை.

விலையோ விளம்பரமோ பிறர் புகழோ பொருத்தத்தைத் தீர்மானிப்பதில்லை. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று அறிபவன் கைப்பொருளை இழப்பதில்லை. நண்பர்களே, கடைக்குச் செல்லும்போது பணத்தோடு உங்கள் பெருக்கியையும் கொண்டு செல்லுங்கள். முடியாவிட்டால் அதே வகைப் பெருக்கியில் வாசித்துப் பாருங்கள். கணக்கு வழிகாட்டும்; காது தீர்ப்பளிக்கும்!