மிகுதி குறிக்கும் சொற்கள்

சித்தன்னவாசல் சென்று திரும்பிய மாணவர் ஒருவர் தம் பயணக் கட்டுரையில் 'மிகப் பழமையான கற்படுக்கைகள், மிகப் பழமையான ஓவியங்கள், மிகமிக அழகிய தாமரைக்குளம்' என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் எழுதிய மற்றொருவர் வரிதோறும் 'வெரி' என்னும் சொல்லைப் பெய்திருந்தார்.

இச்சொற்களின் பிறப்பு சுவையானது. 'வெரி' என்பது 'உண்மையான' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. மெய்ம்மையைச் சுட்டியது நாளடைவில் மிகுதியைச் சுட்டலாயிற்று. தமிழில் 'மிகு' என்னும் வினையிலிருந்து 'மிக' தோன்றியது. கொச்சையென நாம் ஒதுக்கும் 'ரொம்ப' என்பதும் 'நிரம்ப' என்பதன் திரிபேயாம். தொல்காப்பியர் உறு, தவ, நனி என மூன்று உரிச்சொற்களை இப்பொருளில் கூறினார். சித்தன்னவாசல் முனிவர்களைப் போலச் சமணரான பவணந்தியார், நன்னூலில் அவற்றோடு கூர், கழி, சால என்பனவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். இவற்றுள் 'சால' இன்றும் தெலுங்கில் அன்றாட வழக்காக உள்ளது. நாமோ 'சாலச் சிறந்தது' என மேடையில் மட்டும் சொல்கிறோம்.

வழக்கில் ஓர் இடர் உண்டு. ஏழடிப்பட்டத்திற்குச் செல்லும் பாதை 'வெரி' செங்குத்து என்றால் வருந்தியேனும் ஏறிவிடலாம். 'டூ' செங்குத்து என்றால் ஏறவே இயலாது என்று பொருள்படும். இரண்டனையும் 'மிக' என்றே பெயர்ப்பது பிழை; பின்னதற்கு 'அளவுக்கு மீறிய' என்பதே பொருந்தும். மேலும், 'மிக விரும்பினேன்' என்பது தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில் 'வெரி' தனித்து வினையைத் தழுவாது. 'வெரி மச்' என்றே வரவேண்டும். நம் மாணவர் பலர் இடறுமிடம் இது.

மாணவர் கட்டுரைக்கு மீள்வோம். ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஏறத்தாழக் கி.மு. முதல் நூற்றாண்டினது. அறிவர் கோயில் ஓவியங்களோ பாண்டியர் காலத்தன, கி.பி. 9ஆம் நூற்றாண்டின எனப் பெரும்பாலான அறிஞர் கொள்வர். இடையே ஏறக்குறைய 900 ஆண்டுகள்! இரண்டன் முன்னும் நின்ற ஒரே 'மிக' அவ்விடைவெளியை மறைத்துவிட்டது.

அச்சொல்லை நீக்கி மீண்டும் எழுதுமாறு கூறினேன். மறுநாள் அவர் கொணர்ந்த தாளில் நூற்றாண்டுகள் இரண்டும் இருந்தன. குளத்தில் மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் இருந்தன. தாமரை கொய்யும் ஆடவர் மூவரும் இருந்தனர்.