இல்ல வலையமைப்பில் இசை

ஓர் அறையிலுள்ள கணினியிற் சேமிக்கப்பட்ட பாட்டை வேறோர் அறையிலுள்ள கணினியின் வழியாகக் கேட்டல் இன்று பல இல்லங்களில் இயல்பான செயலாயிற்று. கணினிகளைக் கம்பியாலோ கம்பியின்றியோ இணைத்துவிடின் இது தானே நிகழுமெனப் பலர் எண்ணுவர். ஆயின், கடிதத்தை அனுப்புதற்கும் இசையை அனுப்புதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. கடிதம் சிறிது பிந்தி வரினும் அதன் பொருள் கெடாது. இசையோ உரிய கணத்தில் ஒலிக்காவிடின் இசையாகாது. இத்துறையின் நுட்பங்கள் பலவும் இவ்வேறுபாட்டை அடியாகக் கொண்டே எழுந்தன.

இசை முதலில் எண்ணுருப் பெறுகின்றது. 1982 இல் விற்பனைக்கு வந்த இறுவட்டின் முறைப்படி, ஒலியலை செக்கனுக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 இரும இலக்கங்களாற் குறிக்கப்படும். இடம், வலம் என்னும் இரு தடங்களுக்குமாகச் செக்கனுக்கு 1,411,200 இலக்கங்கள் செல்லல் வேண்டும். இத்தொகையைக் குறைத்தற்கு இரு வழிகள் உள. எம்.பி.3 முறை, செவிக்குப் புலனாகாதன எனக் கொள்ளப்படும் பகுதிகளை நீக்கிவிடும். செக்கனுக்கு 128,000 இலக்கங்களாகச் சுருக்கின், மூலத்தின் பதினொன்றில் ஒரு பங்கே எஞ்சும். 2001 இல் வெளிவந்த பிளாக் முறையோ எதனையும் நீக்குவதில்லை. விரித்தவிடத்து மூலம் உள்ளவாறே கிடைக்கும். ஆயினும், சுருக்கம் குறைவு.

எண்ணுருப் பெற்ற இசை சிறுசிறு பொதிகளாக அனுப்பப்படும். வழியிற் சில பிந்தலாம். சில தவறவுங் கூடும். ஆதலின், பெறுங் கணினி உடனே ஒலிக்கத் தொடங்காது, சில செக்கன்களுக்குப் போதிய இசையை முன்னரே திரட்டி வைக்கும். துலாவினால் இறைக்கப்படும் நீர் விட்டுவிட்டு வரினும், தொட்டியினின்று வாய்க்காலுக்குச் செல்லும் நீர் ஒரு சீராகப் பாய்தல் போல்வது இது.

ஒரே பாட்டை இரண்டு அறைகளில் ஒருங்கே ஒலிப்பித்தல் இதனினும் அரிது. ஒவ்வொரு கணினியும் தன்னகத்துள்ள பளிங்கொன்றின் அதிர்வைக் கொண்டே காலத்தை அளக்கின்றது. இரு பளிங்குகள் முற்றும் ஒத்திரா. அவற்றிடையே மில்லியனில் 50 பங்கு வேறுபாடு இருப்பின், ஒரு மணி நேரத்தில் அது 0.18 செக்கனாக வளரும். அவ்வளவு பிந்திய ஒலி எதிரொலி போலத் தனித்துக் கேட்கும்.

இதற்குப் பரிகாரம் யாதெனின், ஒவ்வொரு பொதியிலும் அது ஒலிக்கவேண்டிய நேரத்தைக் குறித்தனுப்புதலாகும். கணினிகள் தம்முட் செய்தி பரிமாறித் தத்தம் கடிகாரங்களின் வேறுபாட்டையும் கணித்துக்கொள்ளும். செய்தி சென்று மீளும் நேரத்திற் பாதியை ஒருவழிக்குரியதாகக் கொள்ளுதல் இக்கணிப்பின் அடிப்படை. பின்னர், பிந்தியது சில அளவுகளை விடுத்தும் முந்தியது சிலவற்றைச் சேர்த்தும் ஒத்து நடக்கும். மேற்காட்டிய வேறுபாட்டிற்குச் செக்கனுக்கு இரண்டு அளவுகள் வரை திருத்தினாற் போதும். நுட்பமாகச் செய்யின் செவி அதனை உணராது.

எனினும், இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. திரட்டி வைத்தல் பதிவுசெய்யப்பட்ட இசைக்கே பயன்படும். ஓர் அறையிற் பாடுபவருக்கு மற்றோர் அறையிலிருப்பவர் மிருதங்கம் வாசிக்க வேண்டுமாயின், ஒரு செக்கன் தாமதமும் தாளத்தைக் குலைத்துவிடும். பத்து மீற்றர் இடைவெளியிலிருப்போரிடையே ஒலி காற்றிற் செல்லுதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ 0.03 செக்கனே. அவ்வளவிற் சுருங்கிய தாமதத்தோடு பொதிகளைச் சேர்ப்பித்தாலன்றி இருவரும் ஒன்றி இசைத்தல் அரிது. லயத்தைத் தந்தையெனப் போற்றும் இசை மரபின் உண்மை கணினிக்கும் பொருந்துவதாகும்.