யாரைக் கடன் கேட்பது?

மாலை ஐந்து மணிக்கு மேல் கட்டுமாவடிக் கடற்கரைக்குச் சென்றால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மீன் ஏலம் முடிந்து கூடைகளெல்லாம் லாரி ஏறியிருக்கும். பாக் நீரிணையின் கடல், குளத்து நீரைப் போல அடங்கிக் கிடக்கும். வலை உலர்த்தும் இடத்துக்கும் படகுகள் நிற்கும் இடத்துக்கும் நடுவே எஞ்சிய மணலில் பதினைந்து இருபது சிறுவர்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கங்களிலும் செருப்புகளைக் குவித்து வைத்தால் அதுதான் கோல். இருட்டினால் ஆட்டம் முடிவு.

இவ்வட்டாரத்துப் பள்ளியொன்றில் உபாத்தியாயராயிருக்கும் நான், பல நாள் அந்த மணலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2025ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் ஆட்டம் நின்றுபோய்ப் பெரிய சர்ச்சை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்த மாதம் 14ஆம் தேதி கோவாவில் நம் தேசத்துக் கோஷ்டி 1-2 என்று சிங்கப்பூரிடம் தோற்று, 2027ஆம் வருஷத்து ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இழந்திருந்தது. “நம்ம டீமுக்குப் பழைய ஆட்டக்காரர் மூணு பேரைச் சேத்துக்கலாம்னா யாரைச் சேப்பே?” என்று ஒருவன் கேட்டுவிட்டான். அதற்குத்தான் அத்தனை கூச்சல்.

இந்தக் கேள்வி புதிதன்று. பிரேஸில் தேசத்தார் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பெலேயையும் கரிஞ்சாவையும் நினைத்துக்கொள்கிறார்கள். அர்ஜென்டினாவில் மாரடோனாவின் பெயர் அப்படி வருகிறது. வீட்டில் கஷ்டம் வந்தால் காலஞ்சென்ற தாத்தாவை நினைத்துக்கொள்வதில்லையா? அது போலத்தான்.

ஆனால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. சுனில் சேத்ரி, பைச்சுங் பூட்டியா, ஐ. எம். விஜயன் ஆகிய மூன்று பெயர்களுக்கு மேல் அவர்கள் கணக்கு ஓடவில்லை. “நீங்க சொல்லுங்க, ஸார்” என்று என் பக்கம் திரும்பினார்கள்.

நான் சொல்லத் தொடங்கினேன். கோலைக் காக்கப் பீட்டர் தங்கராஜ். தமிழர், நெடிய உருவம் படைத்தவர். வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் கோஷ்டி 1955லும் 1958லும் டூராண்ட் கோப்பையை வென்றபோது அதில் ஆடியவர்; 1967ல் அர்ஜுனா விருது பெற்றவர். தடுப்பாட்டத்துக்கு ஜர்னெயில் சிங். 1962ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மண்டை உடைந்து தையல் போட்டிருந்த நிலையில், தம் வழக்கமான இடத்தை விட்டு முன்வரிசைக்கு வந்து ஆடியவர். தென் கொரியாவை எதிர்த்து நடந்த இறுதிப் பந்தயத்தில் நாம் 2-1 என்று வென்று தங்கம் பெற்றபோது, ஒரு கோல் பி. கே. பானர்ஜி போட்டது, மற்றொன்று இந்த ஜர்னெயில் சிங் போட்டது. அதே தென் கொரியாவிடம் முதல் பந்தயத்தில் 0-2 என்று தோற்றிருந்தோம் என்று நான் சொன்னதும், பையன்களின் கண்கள் அகன்றன.

கோல் போட நெவில் டிஸௌஸா வேண்டும் என்றேன். 1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். அதில் மூன்று கோல்கள் அவருடையவை. அவ்வருஷம் நமக்கு நான்காவது இடம் கிடைத்தது. 1960ல் ரோமாபுரியில் ஆடிய சைமன் சுந்தர்ராஜ் என்ற தமிழரையும் மறக்கலாகாது. அதற்குப் பிறகு நம் கால்பந்துக் கோஷ்டி ஒலிம்பிக்கில் காலெடுத்து வைக்கவேயில்லை.

இப்படி நான் அடுக்கிக்கொண்டே போகையில், படகோரம் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிர்ந்து, “கிழிஞ்ச வலையோட கடலுக்குப் போனா, எம்புட்டுக் கெட்டிக்காரனை ஏத்திக்கிட்டுப் போனாலும் மீன் தங்குமா, தம்பி?” என்று கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி குனிந்து ஊசியை ஓட்டலானார்.

பெரியவர் அறிந்து சொன்னாரோ என்னவோ, அவர் சொன்னதை நம் தேசம் சமீபத்தில்தான் பரீட்சை செய்து பார்த்தது. 94 கோல்கள் போட்ட சுனில் சேத்ரி, 2024 ஜூன் 6ஆம் தேதி கல்கத்தாவில் குவைத்துடன் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். அவர் போன பின் கோல் போட ஆளில்லாமல் கோஷ்டி தவித்தது. ஆகவே 2025 மார்ச்சு மாதத்தில், நாற்பது வயதான அவரையே மறுபடியும் அழைத்து வந்தார்கள். ரசிகர்கள் கனவில் செய்வதை உண்மையிலேயே செய்துவிட்டார்கள்! அவரும் ஷில்லாங்கில் மாலத்தீவுடன் நடந்த பந்தயத்தில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். 2023 நவம்பருக்குப் பிறகு நமக்குக் கிடைத்த முதல் ஜெயம் அது. ஆனால் அடுத்து வங்காள தேசத்துடன் கோலின்றிச் சமன். பிறகு ஹாங்காங்கிடம் தோல்வி. அக்டோபரில் கோவாவில் நடந்ததை முன்பே சொன்னேன். சேத்ரியின் மேல் குற்றமில்லை. நாற்பது வயதில் அவர் ஓடியது அவருடைய பெருமை. அவருக்குப் பின்னால் நிற்க ஆளில்லாமற் போனதுதான் நம் குறை.

அன்றிரவு வீடு திரும்பிய பின்பு, எனக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்தது. மூன்று பேரைக் கடன் கேட்பதற்குப் பதிலாக ஒரே ஒருவரைக் கேட்கலாமென்றால், நான் கேட்பது ஸையத் அப்துல் ரஹீமை. அவர் பந்து உதைத்துப் புகழ் பெற்றவரல்லர். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயராயிருந்தவர். அவர் பயிற்றிய ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டி, 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951ல் டில்லியில் ஆசியத் தங்கம், 1956ல் மெல்போர்ன், 1962ல் ஜகார்த்தா எல்லாம் அவர் பயிற்சியில் வந்தவை. ஜகார்த்தாவுக்குச் செல்லும்போதே அவர் உடலில் புற்றுநோய் இருந்தது. 1963 ஜூன் மாதத்தில் காலமானார். அதன் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியில் நமக்குக் கால்பந்துத் தங்கம் கிடைக்கவில்லை.

ரஹீமின் முறைகள் விநோதமானவை. பந்தைத் தாமே உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது, உடனே அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று விதித்துப் போட்டிகள் நடத்துவார். வலுவில்லாத காலால் மட்டும் உதைக்கவேண்டும் என்று இன்னொரு வகை. எல்லாம் வகுப்பில் பாடம் நடத்துகிறவரின் தந்திரங்கள்.

அவருடைய மாணாக்கரில் துளஸிதாஸ் பலராம் ஒருவர். செகந்திராபாத்தை அடுத்த கிராமத்தில், ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பயிற்சிக்கு ஹைதராபாத் வந்துபோகக் கையில் காசில்லை என்று அவர் சொன்னபோது, சைக்கிள் வாடகைக்குப் பணம் கொடுத்து வரவழைத்தவர் ரஹீம். அந்தச் சைக்கிளில் வந்த பையன்தான் மெல்போர்னிலும் ரோமாபுரியிலும் ஜகார்த்தாவிலும் ஆடினார்.

இதை எழுதும்போது என் மனம் குறுகுறுக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இடது காலால் அவன் உதைக்கும் பந்து மணலில் வளைந்து போகும். புதுக்கோட்டையில் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. அவன் தகப்பனார் கடலுக்குப் போயிருந்தார். அழைத்துப் போக ஆளில்லை. எனக்கோ பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. “அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். அடுத்த வருஷம் அவன் பள்ளியில் இல்லை, படகில் இருந்தான். இப்போதும் கரையில் பார்த்தால், “நல்லாயிருக்கீங்களா, ஸார்?” என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் கோபமில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் வீடுகளிலும் தோல்விச் செய்தி வந்த இரவில் பழைய பெயர்களை எண்ணிப் பெருமூச்சு விடுகிறோம். அதில் தவறில்லை, அந்தப் பெயர்களைக் குழந்தைகளுக்குச் சொல்லவும் வேண்டும். ஆனால் தங்கராஜும் பலராமும் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். யாரோ ஒருவர் அவர்களைப் பார்த்தார். ஆட இடம் காட்டினார். வழிச் செலவுக்குக் கொடுத்தார். ஊருக்கு ஒரு மைதானத்தைக் கட்டடம் எழும்பாமல் காப்பாற்றுவதும், பையனையும் பெண்ணையும் மாலையில் ஒரு மணி நேரம் விளையாட விடுவதும், பஸ் கட்டணத்துக்குத் தவிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதும் நம்மால் ஆகாத காரியங்களா?

அந்த இடதுகால் பையனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். இப்போது ஏழாம் வகுப்பு. நேற்று மாலை மணலில் அவன் உதைத்த பந்தும் வளைந்துதான் போயிற்று. இம்முறை தகவல் வந்தால், பரீட்சைத் தாள் காத்திருக்கட்டும். அவனோடு புதுக்கோட்டை பஸ்ஸில் நானும் ஏறுவேன்.